தொட்டியடியில் நல்ல தண்ணீர், கடைசித் தெருவில்?

வயிற்றுப்போக்கு என்று ஒரே தெருவிலிருந்து மூன்று பேர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், சுகாதார ஆய்வாளரான நான் முதலில் பார்ப்பது அவர்கள் முகவரியைத்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மழையில் அப்படி வந்தார்கள். மறுநாள் மூன்று ஒன்பதானது. ஒன்பது பேருமே ஊரின் கடைக்கோடித் தெரு. நானூறு வீடுகள் உள்ள ஊர், 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று. ஊர் முழுக்க ஒரே தண்ணீர்தான் போகிறது. அப்படியிருக்க, ஏன் ஒரு தெருவுக்கு மட்டும்?

தொட்டி மேல் ஏறிப் பார்த்தேன். மூடி சரியாக இருந்தது, உள்ளே பாசி இல்லை, கழுவிய தேதியைப் பெயின்டில் எழுதி வைத்திருந்தார்கள். தொட்டியடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, பரிசோதனைக் குழாயில் ஆர்த்தோடொலிடின் சொட்டு விட்டதும் வெளிர் மஞ்சள் வந்தது. குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். "நான்தான் சொன்னேனே சார், தினமும் பவுடர் போடுறேன்" என்றார் ஆபரேட்டர் அண்ணன். அதே சோதனையைக் கடைசித் தெருவில் செய்தேன். தண்ணீர் நிறமே மாறவில்லை.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, வீட்டுக் குழாயில் வரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. இந்த ‘மிச்சம்’தான் விஷயமே. தொட்டியில் போட்ட குளோரின் அங்கிருக்கும் கிருமியைக் கொன்றுவிட்டு, வழியில் வந்து சேரும் அழுக்கோடும் மல்லுக்கட்ட வேண்டும். கடைசிக் குழாயில் மிச்சமே இல்லை என்றால், ஒன்று போட்டது பற்றவில்லை, அல்லது வழியில் ஏதோ அதைத் தின்றிருக்கிறது.

அந்த ஊரில் இரண்டும் நடந்திருந்தது. பிளீச்சிங் பவுடர் மூட்டை மோட்டார் அறையில் வாய் திறந்தபடி கிடந்தது. புதுப் பவுடரில் முப்பது சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும். காற்றும் ஈரமும் பட்டால் மளமளவென்று வீரியம் இறங்கும். 25 சதவீதம் வீரியமுள்ள பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கு, அந்தத் தொட்டிக்கு 120 கிராம். அண்ணன் கையளவாகத்தான் அள்ளிப் போட்டார். அதையும் நேராகத் தொட்டிக்குள் கொட்டினார். பக்கெட் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும்; அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மோட்டார், வால்வு, வசூல், சண்டை என்று எல்லாவற்றையும் அந்தச் சம்பளத்துக்கு ஒரே ஆள் பார்க்கிறார். இந்தக் கணக்கை யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததும் இல்லை.

குழாய்வழியே நடந்து பார்த்தபோதுதான் பெரிய விஷயம் கிடைத்தது. கேட்வால்வு குழியில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர். கடைசித் தெருவில் அழுத்தம் குறைவு என்பதால் பல வீடுகளில் குழி தோண்டிக் குழாயைத் தரைக்குக் கீழே இறக்கியிருந்தார்கள். பக்கத்திலேயே சாக்கடை, குழிக்குள் கலங்கல் தண்ணீர், அதில் குழாயின் வாய் முங்கிக் கிடந்தது.

காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டு வால்வை அடைக்கிறோம். குழாயில் நிற்கும் தண்ணீர் தாழ்வான பக்கம் வடியும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது குழாய் உறிஞ்சுகுழல்போல வேலை செய்யும். விரிசல் எங்கே இருந்தாலும், குழியில் குழாய் எங்கே முங்கியிருந்தாலும், சுற்றியுள்ள கழிவு உள்ளே போய்விடும். வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டு இழுத்தால் இன்னும் மோசம். மறுநாள் முதலில் வருவது அந்தத் தண்ணீர்தான். நம் வீடுகளில் அடித்துப் பிடித்து முதல் குடத்தில் பிடிப்பதும் அதைத்தான்! முதல் சில நிமிடத் தண்ணீரைச் செடிக்கோ வாசல் தெளிக்கவோ வைத்துக்கொண்டு, அப்புறம் குடிக்கப் பிடியுங்கள்.

போகிற இடமெல்லாம் இப்போது யாராவது ஒருவர் டி.டி.எஸ். மீட்டரை எடுத்து நீட்டுகிறார். "180தான் சார் காட்டுது, சூப்பர் தண்ணி." அந்த மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் உப்பின் அளவை. தர நிர்ணயப்படி 500 வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கிருமி அதில் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரும் 180 காட்டலாம். கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஹெச்.டூ.எஸ். பாட்டில் போதும். தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மலக்கலப்பு இருந்தால் பெரும்பாலும் கறுத்துவிடும். கறுத்தால் குடிக்காதீர்கள், ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கடைசித் தெருவில் நான் வைத்த மூன்று பாட்டில்களும் மறுநாளே கறுத்தன.

சரி, கொதிக்க வைத்தால் போதுமா? கிருமிக்குப் போதும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சரி. ஆனால் ஃபுளூரைடும் நைட்ரேட்டும் அதில் போகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை விழுவதும் எலும்பு பாதிக்கப்படுவதும் அதனால்தான். ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் கூட்டுக்குடிநீராகக் கொண்டுவந்ததற்கும் அதுவே காரணம்.

அந்த ஊரில் வால்வு குழியை இறைத்து, கசிவை அடைத்து, பவுடரை மூடியுள்ள டிரம்முக்கு மாற்றி, தராசு ஒன்றும் வாங்கி வைத்தோம். அதுவரை லாரித் தண்ணீர். ஒன்பது பேரும் உப்பு சர்க்கரைக் கரைசலிலும் மருந்திலும் தேறிவிட்டார்கள். 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பரிசோதனைப் பெட்டியும் பயிற்சியும் தர வேண்டும் என்று இருக்கிறது. அந்த ஐவரில் ஒருவர் கடைசித் தெருக்காரராக இருக்கட்டும் என்று கேட்டு வாங்கினேன். இப்போது அந்தத் தெருவில் வாரம் ஒருமுறை மஞ்சள் வருகிறதா என்று அவரே பார்த்து ஆபரேட்டருக்குச் சொல்கிறார்.

குழாய்க் குழிகளை மூடுங்கள் என்றால் மட்டும் இன்னும் யாரும் கேட்பதில்லை. "மூடிட்டா எங்க வீட்டுக்குத் தண்ணி ஏறாது சார்" என்கிறார்கள். அதுவும் உண்மைதான். அந்தத் தெருவுக்குத் தனி லைன் கேட்டு ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.