மீட்டரைப் பிடித்து இழுக்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. சிவப்புப் பிளாஸ்டிக் பையில் தன் கார் மீட்டரை, அதாவது ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகம் காட்டும் பெட்டியை, போட்டுக்கொண்டு சிங்கப்பூர் சின் மிங்கில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஓர் அண்ணன் வந்தார். சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் பழைய கார். மீட்டர் பல்பை மாற்ற அவரே கழற்றியிருக்கிறார். "ரெண்டு வெள்ளி பல்பு, இதுக்கு உங்கிட்ட எதுக்கு வரணும் தம்பி?" நியாயம்தான். மீட்டரைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்பீடோமீட்டர் கேபிளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது முறிந்திருந்தது.

"எல்லாம் கிளிப்புதான், இழுத்தால் வந்துவிடும்" என்று யார்தான் சொல்லிக்கொடுக்கிறார்களோ! கிளிப் இருப்பது மீட்டரைச் சுற்றியுள்ள பிரேமில். மீட்டர் நிற்பது ஸ்குருவில். ஸ்குருவைக் கழற்றியும் அரை அங்குலம் வந்து நிற்கிறதா? பின்னால் ஏதோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பழைய கார்களில் அது கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள். இடுக்கில் கையை விட்டு, காதை அழுத்தித்தான் விடுவிக்க வேண்டும். கை எட்டாவிட்டால் கியர்பாக்ஸ் பக்கம் கழற்றி, எஞ்சின் பக்கமிருந்து கேபிளை உள்ளே தள்ளிக்கொடுங்கள். கேபிள் இல்லாத கார் என்றாலும் வயர் சாக்கெட்டுகள் உண்டு. பல பழைய மீட்டர்களின் முதுகில் ஒட்டியிருக்கும் மெல்லிய சர்க்யூட் ஷீட் கிழிந்தால், அதில் ஈயம் வைக்கவும் வராது. அதோடு இது சிங்கப்பூர் வெயில். மல்டிஸ்டோரி கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடியில் வருடக்கணக்காக நின்ற காரின் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

சாவியை எடுத்துவிட்டால் கரண்ட் போய்விடாது. கடிகாரம் எப்படி ஓடுகிறதாம்? பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள கார் என்றால் சில நிமிடம் காத்திருங்கள். மீட்டர் வெளியே இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, ஸ்கேனர் வைத்துதான் அணைக்க வேண்டியிருக்கும்.

அண்ணன் இன்னொன்றும் செய்திருந்தார். பேட்டரி படம் போட்ட சின்ன விளக்குக்கும் எல்இடி மாட்டிவிட்டார். பல பழைய கார்களில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும் முதல் கரண்டே அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. எல்இடி போட்டால் சார்ஜ் ஏறாமல் போகலாம். அங்கே மட்டும் பழைய மாதிரி பல்பே இருக்கட்டும்.

இப்போது பழைய மீட்டர் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தாலும் அதில் வேறு காரின் கிலோமீட்டர் கணக்குதான் இருக்கும்.

தயவுசெய்து, அரை அங்குலத்தில் நின்றால் அப்படியே விட்டுவிட்டு ஒரு போன் போடுங்கள். திட்ட மாட்டேன்.