கை சுட்டால்தான் நல்ல ஷாக்

கொடைக்கானலுக்கு இழுத்துப் போன கேரவனைத் திறந்தபோது, மிளகாய்ப்பொடி டப்பா உடைந்து மெத்தை முழுக்கச் சிவப்பு. வத்தலக்குண்டு, நிலக்கோட்டை வழியாக மதுரை வந்து சேரும்வரை முன்னால் ஜீப்பில் இருந்த எனக்கும் மச்சானுக்கும் ஒன்றும் தெரியவில்லை. இழுவை வண்டியில் இதுதான் வம்பு. காரில் ஷாக் அப்சார்பர் போனால் நம் இடுப்பே சொல்லிவிடும். கேரவனில் ஓடும்போது சட்டிபானைதான் உட்கார்ந்திருக்கிறது.

ஒத்தக்கடைப் பட்டறையில் மெக்கானிக் ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார். “இதைத் தொடுங்கண்ணே. இப்ப அந்தப் பக்கம்.” இடது பக்க ஷாக்கின் குழாய் கையைச் சுட்டது. வலது பக்கம் சும்மா கிடந்தது.

“குளுந்து கெடக்குல்ல, அதான் செத்தது.”

நான் சுடுவதுதான் கெட்டுப்போனது என்று நினைத்திருந்தேன். பெயரே நம்மை ஏமாற்றுகிறது. பள்ளத்தின் அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். ஆனால் வாங்கியதை அது வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுக்கும். தள்ளிவிட்ட ஊஞ்சல் மாதிரி வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பிடித்துச் சூடாக மாற்றுவதுதான் ஷாக்கின் வேலை.

அதற்குள் இருப்பது கிட்டத்தட்ட முறுக்கு உழக்குதான். எண்ணெய் நிறைந்த குழாய், நடுவே சிறு துளைகள் போட்ட பிஸ்டன். உழக்கை மெதுவாக அழுத்தினால் மாவு இறங்கும். அவசரப்பட்டால் கை வலிக்கும். எண்ணெயும் அப்படித்தான். எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு எதிர்க்கும். பெரும்பாலும் சுருங்கும்போது விட்டுக்கொடுத்து, விரியும்போது முரண்டு பிடிக்கும்படி வால்வு அமைத்திருப்பார்கள். ஸ்பிரிங் துள்ளி எழுவது அந்த நேரத்தில்தானே.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 800 கிலோ கேரவன் 5 செ.மீ. இறங்கினால் சுமார் 400 ஜூல் ஆற்றல். ஆயிரம் பள்ளத்துக்கு 4 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து டீ போட்டுவிடலாம். டயரும் ஸ்பிரிங்கும் கொஞ்சம் தின்றாலும் மிச்சம் அந்த இரண்டு குழாய்களுக்குத்தான்.

அப்படியானால் வில் வண்டிக்கு ஏன் ஷாக் இல்லை? அந்த வில்லே பாதி ஷாக். அடுக்கடுக்கான பட்டைகள் ஒன்றோடொன்று உரசி ஆட்டத்தைக் குறைத்துவிடும். மாடு போகிற வேகத்துக்கு அது தாராளம். மணிக்கு 70 கிலோமீட்டரில் கதை வேறு. வண்டியின் உடம்பு நொடிக்கு ஓரிரு முறை ஆடும். சக்கரமோ பத்துப் பதினைந்து முறை துள்ளும். துள்ளும் சக்கரம் தரையில் இல்லாத நேரத்தில் பிரேக்கும் பிடிக்காது. எங்கள் வலது டயரைத் தடவினால் வட்டம் முழுக்க மேடும் பள்ளமும். மேலே எண்ணெய் கசிந்து, அதில் செம்மண் அப்பிய ஷாக்.

எண்ணெய் குறைந்தால் காற்று கலந்து நுரைக்கும். நுரை துளைகளில் தடையில்லாமல் ஓடிவிடும், பிஸ்டன் சும்மா போய்வரும்.

கசிந்ததற்குக் காரணம் எங்களிடமே இருந்தது. முன்பு வைத்திருந்தவர் ஏதோ காரிலிருந்து கழற்றியதை வலது பக்கம் மாட்டியிருக்கிறார், நீளம் போதாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போதெல்லாம் ஷாக் முழுதாக நீண்டு, தொங்கும் சக்கரத்தின் பாரத்தைக் கயிறு மாதிரி பிடித்திருக்கிறது. எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும் சீல் கிழியாமல் என்ன செய்யும்? மச்சான் “வெல்டிங் வச்சிரலாமா?” என்றார். மெக்கானிக் முறைத்தார். நியாயம்தான். உள்ளே எண்ணெய், சிலவற்றில் அழுத்தி அடைத்த நைட்ரஜன். நெருப்பு காட்டும் பொருளா அது?

வண்டி சும்மா நிற்கும்போதும், சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும், முழுக்க அமுங்கும்போதும் அளவெடுத்து, ஜோடியாகவே வாங்கினோம். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் இரண்டு சக்கரமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். குழாய்க்குள் குழாய் வைத்த இரட்டைக் குழாய் வகை என்பதால் தலைகீழாக மாட்டக்கூடாது. மாட்டினால் வால்வுக்குள் காற்று போய்விடும். ஷாக்கின் முனையில் இருக்கும் ரப்பர் வளையத்தின் (புஷ்) போல்ட்டை வண்டி தரையில் நின்ற பிறகே கடைசியாக முறுக்கினார். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியுமாம்.

மேலூர் வரை ஓட்டித் திரும்பி, இறங்கியதும் இரண்டு பக்கமும் கை வைத்தோம். மச்சான் இரண்டு கையையும் உதறினார்.