ஃப்ளூ: கைக்கும் முகத்துக்கும் நடுவே

ஃப்ளூ காய்ச்சலோடு என்னிடம் வருபவர்களில் பலர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழும்போது ஒரு கேள்வியைக் கேட்பார்கள்: "காய்ச்சல்காரர் யாருக்கும் பக்கத்தில்கூட நான் போகவில்லையே டாக்டர், எனக்கு எப்படி வந்தது?" அவர்களை மீண்டும் உட்காரவைத்து, முந்தைய மூன்று நான்கு நாட்களில் எங்கெங்கே போனார்கள், யாரோடு இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். காய்ச்சலில் படுத்திருந்த ஒருவரைப் பார்க்கப் போனதாகச் சொல்பவர்கள் மிகக் குறைவு. தொண்டை லேசாகக் கரகரக்கிறது என்று சொல்லிக்கொண்டே பக்கத்து இருக்கையில் வேலை பார்த்த ஒருவரோ, அன்று காலை வரை ஓடியாடிக்கொண்டிருந்து மாலையில் திடீரென்று சுருண்டு படுத்த ஒரு குழந்தையோதான் பெரும்பாலும் நினைவுக்கு வருவார்கள்.

இதற்குக் காரணம் இன்ஃப்ளூயன்ஸா வைரஸின் கால அட்டவணை. உடலுக்குள் நுழைந்த 1 முதல் 4 நாட்களுக்குள், சராசரியாக 2 நாட்களில், அறிகுறிகள் தொடங்குகின்றன; ஆனால் அறிகுறி தோன்றுவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பிருந்தே, தனக்கு நோய் வந்திருப்பதை அறியாத அந்த மனிதர் அதைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். அதற்குப் பிறகும் 5 முதல் 7 நாட்கள் வரை பரப்பக்கூடும். சிறு குழந்தைகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் இன்னும் கூடுதலான நாட்கள். ஆகவே வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவர் படுத்த பிறகு சோப்பைத் தேடுபவர், பெரும்பாலும் ஒரு நாள் தாமதமாகத்தான் தேடுகிறார். எவருக்கும் எதுவும் இல்லாத நாட்களிலும் கைகழுவும் பழக்கம் இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஸ்டீல், பிளாஸ்டிக் போன்ற கடினமான பரப்புகளில் இந்த வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரையும், துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணி நேரம் வரையும் தாக்குப்பிடிக்கும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இதைக் கேட்டதும் கதவுக் கைப்பிடியையே தொட அஞ்சுபவர்கள் உண்டு. அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பரப்பிலிருந்து நம் கைக்கு வந்த வைரஸின் அளவு ஏறத்தாழ ஐந்து நிமிடங்களில் பெரிதும் குறைந்துவிடுகிறது. தோலின் வழியாக அது உள்ளே போவதும் இல்லை. அந்தச் சில நிமிடங்களுக்குள் கை கண்ணுக்கோ மூக்குக்கோ வாய்க்கோ போகிறதா என்பதுதான் கேள்வி.

போகிறது என்பதுதான் சிக்கல். ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்களைக் கவனித்து 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 23 முறை தம் முகத்தைத் தொட்டார். அவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை கண், மூக்கு, வாய் ஆகிய இடங்களில் விழுந்தன. தொற்றைப் பற்றிப் படித்தவர்களின் நிலையே இது. என் உதவியாளரிடம் ஒரு நாள் காலை என்னையும் எண்ணச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வதற்கே கை எத்தனை முறை மேலே போகிறது என்று தெரிந்ததும், பாதியிலேயே போதும் என்று நிறுத்திவிட்டேன்.

எனவே முகத்தைத் தொடவே தொடாதீர்கள் என்ற அறிவுரையை நான் கொடுப்பதில்லை. அதை ஒரு மணி நேரம்கூட எவராலும் கடைப்பிடிக்க முடியாது. அறிந்தே முகத்தைத் தொடப்போகும் நேரங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்: சாப்பிடுவதற்கு முன், கண்ணில் மருந்து விடுவதற்கோ லென்ஸ் பொருத்துவதற்கோ முன், குழந்தையின் முகத்தைத் துடைப்பதற்கு முன். வெளியிலிருந்து திரும்பியவுடனும், மூக்கைச் சிந்திய பிறகும், நோயாளிக்குப் பணிவிடை செய்த பிறகும் கழுவுவது இவற்றோடு சேர்ந்தது.

கழுவும் முறையில் பலர் நீரின் சூட்டைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். அதனால் பெரிய வேறுபாடு இல்லை. இந்த வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புறை இருக்கிறது. சாதாரண சோப்பு அந்த உறையை உடைத்துவிடுகிறது, அதற்குக் கிருமிநாசினி என்ற முத்திரை தேவையில்லை. தேவைப்படுவது 20 விநாடிகள். அவசரத்தில் உள்ளங்கைகளை மட்டும் தேய்த்துக்கொள்பவர்கள் தவறவிடும் இடங்கள் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கின்றன: கட்டைவிரல், விரல் நுனிகள், விரல்களின் இடுக்குகள். முகத்துக்கு முதலில் போவது விரல் நுனி என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு வீணான கழுவல் என்பது புரியும். கழுவிய பின் உலரத் துடைப்பதும் அவசியம். ஈரக் கையில் கிருமிகள் எளிதாக ஒட்டவும் செய்கின்றன, எளிதாகப் பிற பொருள்களுக்கு மாறவும் செய்கின்றன.

நீரும் சோப்பும் இல்லாத இடத்தில், குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் கொண்ட சானிடைசர் உதவும். அது தானாக உலரும் வரை தேய்க்க வேண்டும். ஊற்றியவுடன் துணியில் துடைத்துக்கொள்வதால் பயனில்லை. மூக்குச்சளி ஈரமாகக் கையில் பட்டிருந்தால் அந்தச் சளியே வைரஸுக்குக் கவசமாக நின்று ஆல்கஹாலின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. அப்போது சோப்பிட்டுக் கழுவுவதே சரி.

கையைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, கைகழுவுவது மட்டுமே ஃப்ளூவைத் தடுத்துவிடாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளியேறும் திவலைகளில் பெரியவை விரைவில் கீழே விழுந்துவிடுகின்றன. மிக நுண்ணியவை, மூடிய அறையில், காற்றிலேயே வெகுநேரம் மிதக்கின்றன. அவற்றை எந்தச் சோப்பும் தொடுவதில்லை. சன்னல்களைத் திறந்துவைப்பதும், இருமல் உள்ளவர் முகக்கவசம் அணிவதும் கைச் சுத்தத்துக்குச் சமமான பழக்கங்கள். தும்மல் வந்தால் முழங்கை மடிப்பில் தும்முங்கள், அல்லது டிஷ்யூ தாளில் தும்மி உடனே குப்பையில் போடுங்கள். நாள் முழுவதும் அதே கைக்குட்டையில் மூக்கைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது, வைரஸைக் கூடவே சுமந்து திரிவதற்கு ஒப்பானது.

நோயாளி உள்ள வீட்டில், முடிந்தால் அவருக்குத் தனி அறையும் பணிவிடைக்கு ஒரே ஆளும் இருக்கட்டும். அவருடைய துண்டை மற்றவர்கள் பயன்படுத்தக் கூடாது. பாத்திரங்களை வழக்கம்போல் சோப்பிட்டுக் கழுவினாலே போதும். கைபேசியை மட்டும் மறக்காமல் துடையுங்கள், ஏனெனில் அது முகத்தோடு ஒட்டியே இருக்கிறது.

என் அனுபவத்தில் மிகக் குறைவாகக் கடைப்பிடிக்கப்படும் சுகாதாரப் பழக்கம், நோயுற்றவர் வீட்டிலேயே இருப்பது. பாராசிட்டமால் மாத்திரையைப் போட்டுக் காய்ச்சலை இறக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவரின் உடலில் வெப்பம்தான் குறைந்திருக்கிறது, வைரஸ் குறையவில்லை. மாத்திரையின் உதவியின்றிக் காய்ச்சல் நீங்கி 24 மணி நேரம் ஆகும் வரை வெளியே போகாமல் இருப்பதே பிறருக்குப் பாதுகாப்பு. விடுப்பு எடுப்பது எல்லோருக்கும் எளிதல்ல என்பதை அறிவேன். அப்படிப் போயே ஆக வேண்டியவர் முகக்கவசத்தோடும் சற்றுத் தள்ளியும் இருக்கட்டும்.

தடுப்பூசிக்கு இப்பழக்கங்கள் மாற்றாகா. வைரஸ் தன் மேற்புரதங்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை தடுப்பூசியின் கலவையைப் பரிந்துரைக்கிறது; நாமும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 6 மாதம் நிரம்பிய குழந்தை முதல் எவரும் போட்டுக்கொள்ளலாம். கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய 2 வாரங்கள் ஆகும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஃப்ளூ வந்துவிட்டால், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளைத் தேடாதீர்கள். அவை வைரஸை ஒன்றும் செய்யா. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தவர்கள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் ஆகியோர் முதல் நாளிலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது; ஓசெல்டாமிவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட்டால்தான் நன்றாக வேலை செய்கின்றன. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பம், உதடு நீலம் பாரித்தல், குழந்தை சிறுநீர் கழிப்பது குறைதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் விட்டு ஓரிரு நாள் தெளிந்திருந்தவருக்கு மீண்டும் காய்ச்சலும் இருமலும் கூடினால், அது நிமோனியாவின் தொடக்கமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.