“காடர் இல்லை” என்றால் எது இல்லை?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஏதாவதொரு அரச அலுவலகத்துக்கு வேலை விஷயமாகப் போனவர்கள் “இங்க காடர் இல்ல, மறுகா பாப்பம்” என்ற பதிலைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு வந்து வீட்டில் “வெற்றிடம் இல்லையாம்” என்று சொல்பவர்கள்தான் அதிகம். இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் தெரியாததால் தவறான கதவைத் தட்டித் தட்டியே வருடக்கணக்கில் அலைகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.

காடர் என்பது ஆங்கிலச் சொல். அதற்கு இலங்கை அரச தமிழில் நல்ல சொல் இருக்கிறது: ஆளணி. ஒரு நிறுவனத்தில் எந்தப் பதவியில் எத்தனை பேர் இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட கணக்குத்தான் அது. அந்தப் பட்டியலில் யாருடைய பெயரும் இராது, பதவியும் எண்ணும் மட்டும்தான். ஒரு பிரதேச வைத்தியசாலைக்குப் பத்துத் தாதியர் என்று ஆளணி இருக்கிறது, கடமையில் ஏழு பேர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெற்றிடம் மூன்று. அந்த ஏழு பேரில் ஒருவர் ஓய்வுபெற்றால் வெற்றிடம் நான்காகும், ஆளணி அதே பத்துத்தான். ஆனால் அந்த வைத்தியசாலைக்கு இயன்மருத்துவர் என்ற பதவியே அனுமதிக்கப்படவில்லை என்றால், நோயாளிகள் எவ்வளவு பேர் வரிசையில் நின்றாலும் அங்கே வெற்றிடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. “காடர் இல்லை” என்பதன் பொருள் இதுதான்.

காடர் என்ற சொல்லின் ஊரைப் பார்த்தால், இலத்தீனில் சதுரத்தைக் குறித்த ‘குவாட்ரும்’ இத்தாலிய மொழியில் ‘குவாட்ரோ’ ஆகி, பிரெஞ்சில் ‘காத்ர்’ என்று சட்டத்தை, அதாவது படத்தைச் சுற்றியிருக்கும் மரச்சட்டம் போன்றதைக் குறித்தது. பிறகு படைக்குள் போனது. சமாதான காலத்தில் அதிகாரிகளை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொண்டு, போர் வந்தால் சிப்பாய்களைச் சேர்த்து நிரப்பிக்கொள்ளும் படைப்பிரிவின் அந்த நிரந்தரக் கட்டமைப்புக்கு இந்தப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து, நிர்வாகத்திலும் புகுந்தது. கட்சித் தொண்டர்களைக் குறிக்கும் பொருள் பின்னால் வந்தது. போர்க் காலத்தில் இங்குள்ள ஆங்கிலப் பத்திரிகைகள் இயக்கப் போராளிகளை எழுதியதும் இதே சொல்லால்தான்.

தமிழ்ச் சொல்லும் படையை ஒட்டியே அமைந்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆள் + அணி. அணி என்றால் வரிசை, படைவகுப்பு. முன்னணி, அணிவகுப்பு எல்லாம் அதன் உறவுகள். ஆட்சேர்ப்புக்கு இணையான ‘ரெக்ரூட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ‘மறுபடி வளர்தல்’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்து, குறைந்துபோன படைக்குப் புது ஆள் சேர்ப்பதைக் குறித்தது. அப்புறம் ஒன்று, காடர் என்பது ஆனைமலையில் வாழும் பழங்குடி மக்களின் பெயர். அதனாலும் எழுத்தில் ஆளணி என்றே எழுதுவது நல்லது. ‘ஆளனி’ என்று சில அறிவித்தல்களில் வருவது பிழை, பெரிய ணகரம்தான் சரி. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நாங்கள் வெற்றிடம் என்பதைத்தான் நீங்கள் காலிப்பணியிடம் என்கிறீர்கள்.

சரி, ஆளணியை யார் தீர்மானிக்கிறார்கள்? நீங்கள் போய் நிற்கிற அலுவலகம் இல்லை. அது தேவையைக் கணக்கிட்டு மேலே அனுப்பும். அரச ஆளணிக்கு அனுமதி கொடுப்பது திறைசேரியின் கீழுள்ள முகாமைத்துவ சேவைகள் திணைக்களம், ஏனென்றால் ஒரு பதவியை அனுமதிப்பது என்றால் மாதாமாதம் ஒரு சம்பளத்துக்கும் பிறகு ஓய்வூதியத்துக்கும் பொறுப்பெடுப்பது. அந்தப் பதவிக்கு என்ன தகுதி, என்ன பரீட்சை என்பதைச் சொல்வது ஆட்சேர்ப்புத் திட்டம். இதெல்லாம் இருந்தால்தான் விண்ணப்பம் கோரலாம், அதற்குப் பிறகுதான் தெரிவும் நியமனமும். போதனா வைத்தியசாலையும் தேசியப் பாடசாலைகளும் மத்திய அரசுக்குக் கீழே, பிரதேச வைத்தியசாலைகளும் ஏனைய பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவையும் கிழக்கு மாகாண சபைக்குக் கீழே என்பதால், ஒரே ஊருக்குள் இரண்டு வழி ஓடுகிறது என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

பாடசாலைகளில்தான் இந்தக் கணக்கு கூடுதலாக வலிக்கிறது. ஆசிரியர் ஆளணி மாணவர் தொகையையும் பாடங்களையும் வைத்து வருவது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் ஒரு பாடசாலைக்கு மொத்தம் பதினான்கு ஆசிரியர் ஆளணி, பதினான்கு பேரும் இருக்கிறார்கள் என்றால் தாளில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கணிதத்துக்கு ஒருவரும் இல்லாமல், வேறொரு பாடத்துக்கு மூன்று பேர் இருக்கலாம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையின் நகரப் பாடசாலைகளில் மேலதிக ஆசிரியர்கள் நிற்க, வாவிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கணித ஆசிரியருக்காகக் காத்திருப்பது ஆளணியைக் கூட்டினால் மாத்திரம் தீராது, இடமாற்றம் சரியாக நடக்க வேண்டும். இதை மொத்த எண்ணிக்கை மறைத்துவிடுகிறது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

பட்டதாரிகள் விஷயத்தில் ஒழுங்கு தலைகீழானது. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்தி பூங்காவுக்கு முன்னால் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2020 இல் நாடு முழுவதும் பட்டதாரிகள் பெருந்தொகையாகப் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். பதவியை முதலில் அனுமதித்து ஆளைப் பிறகு எடுப்பதற்குப் பதிலாக, ஆளை எடுத்துவிட்டு இருக்கையைப் பிறகு தேடினார்கள். அவர்கள் கேட்டது நியாயமான வேலை. ஆளணித் திட்டமிடல், அதாவது அடுத்த ஐந்து பத்து வருடத்தில் எந்தப் பதவியில் எத்தனை பேர் ஓய்வுபெறுவார்கள், எந்தத் தகுதிக்காரர் தேவை என்று முன்கூட்டியே பார்க்கும் வேலை ஒழுங்காக நடந்திருந்தால், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கப் போகும்போதே அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தகவல் கையில் இருந்திருக்கும்.

ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவோ கடிதம் எழுதும்போது “எமக்கு ஆள் தேவை” என்று மட்டும் எழுதாதீர்கள். அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, கடமையில் எத்தனை பேர், வெற்றிடம் எந்தப் பதவியில் அல்லது எந்தப் பாடத்தில் என்று பிரித்து எழுதுங்கள். ஆளணியே இல்லாத பதவி என்றால் “நியமிக்கவும்” என்று கேட்காமல் “ஆளணியில் சேர்க்கவும்” என்று கேளுங்கள், அந்தக் கோரிக்கை போய்ச்சேர வேண்டிய மேசை வேறு.