‘ஜூ-ஆன்’ பார்த்த இரவு: தூக்கம் ஏன் கெடுகிறது, என்ன செய்யலாம்

ஐந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து ‘ஜூ-ஆன்’ என்ற ஜப்பானியப் பேய்ப்படம் பார்க்கிறார்கள். ஒருவர் சிரிக்கிறார். ஒருவர் பாதியில் போனை எடுத்துக்கொள்கிறார். இன்னொருவர் ‘இதுல பயப்பட என்ன இருக்கு’ என்கிறார். பேசாமல் கடைசிவரை பார்த்தவர்தான் அன்றிரவு பாத்ரூம் விளக்கை அணைக்காமல் படுக்கிறார். ‘பார்க்கும்போது நல்லாத்தானே இருந்தான், ராத்திரி ஏன் அழறான்?’ என்று பெற்றோர் கேட்பதும் இதனால்தான். இந்த வகைப் படம் தரும் பயம் பெரும்பாலும் படம் முடிந்த பிறகே வெளியே தெரியும்.

காரணம் படத்தின் பட்ஜெட்டிலிருந்தே தொடங்குகிறது. இந்தக் கதையின் தொடக்கமாக இயக்குநர் தகாஷி ஷிமிசு 1998இல் தொலைக்காட்சிக்காக எடுத்த இரண்டு குறும்படங்களும் சில நிமிடங்களே ஓடுபவை. 2000இல் ‘ஜூ-ஆன்’ இரண்டு பாகங்களாகத் தியேட்டருக்குப் போகாமல் நேராக வீடியோவில் வந்தது. அதன் பிறகே 2002இன் திரைப்படம். பெரிய செட்டுக்கும் கிராபிக்ஸுக்கும் காசில்லை. சாதாரண மாடி வீடு, படிக்கட்டு, அலமாரி, படுக்கை, உடம்பெங்கும் வெள்ளை பூசிய ஒரு சிறுவன், முகத்தை மறைக்கும் கூந்தல், இவ்வளவுதான். படத்தின் பேயான கயாகோவின் தொண்டையிலிருந்து வரும் அந்தக் கரகரச் சத்தத்தைக்கூட இயக்குநரே தன் குரலில் கொடுத்தார்.

இந்தச் சிக்கனம்தான் பயத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. காட்டு பங்களாவில் நடக்கும் கொலையைப் பார்த்தால், நாளைக்கு நாம் அந்தக் காட்டுக்குப் போகப்போவதில்லை. ஆனால் அலமாரியையும் படிக்கட்டையும் எப்படித் தவிர்ப்பது? 2002 படத்தில் ஒரு பெண் பயந்துபோய்ப் போர்வைக்குள் சுருண்டுகொள்கிறாள். கயாகோ அந்தப் போர்வைக்குள்ளேயே இருக்கிறாள். சின்ன வயதிலிருந்து நாம் கடைசியாக ஒளியும் இடம் போர்வை. படம் அதையும் பறித்துவிடுகிறது. ஹிதேயோ நகாதாவின் ‘ரிங்கு’ (1998) இதையே டிவிக்கும் தொலைபேசிக்கும் செய்தது.

இன்னொன்று, கதை ஆறுதல் தருவதில்லை. ஜப்பானின் பழைய கபுகி நாடகமான ‘யோத்சுயா கைடான்’ (1825) கதையில் ஓஇவா என்ற மனைவியின் ஆவி, துரோகம் செய்த கணவனைத்தான் முக்கியமாகத் துரத்துகிறது. கூந்தல் அவிழ்ந்த அந்த உருவத்தின் வழித்தோன்றல்தான் கயாகோ. ஆனால் கயாகோவின் சாபம் அந்த வீட்டுக்குள் கால்வைத்த எவரையும் தொற்றும். ‘நான் தப்பு செய்யவில்லை, எனக்கு ஒன்றும் ஆகாது’ என்று மனதைத் தேற்ற வழியில்லை. முடியாத கதையை மனம் படுக்கையிலும் ஓட்டிக்கொண்டே இருக்கும்.

சிரிப்பவர்களைத் தைரியசாலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உடல் முறுக்கேறியிருக்கும்போது சிரிப்பு அந்த முறுக்கை இறக்கும் வழி; குழுவாகப் பார்க்கும்போது அது ஒட்டிக்கொள்ளும். வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் தோஷியோவை, அந்த வெள்ளை பூசிய சிறுவனை, பார்த்துச் சிலர் சிரிப்பது உண்மையாகவே மேக்கப்பைப் பார்த்துத்தான். சலிப்புக்குக் காரணம் பல நேரம் பார்க்கும் முறை. இந்த இயக்குநர்கள் பேயைச் சட்டகத்தின் ஓரத்தில், மங்கலாக, இசையால் முன்னறிவிக்காமல் நிறுத்துவார்கள். கீழே சப்டைட்டில் படித்துக்கொண்டிருக்கும் கண் அதைத் தவறவிடும். போன் திரையிலோ இருட்டுப் பகுதி முழுவதும் கறுப்புத் திட்டாகிவிடும். ஆக, ஒருவர் பார்த்த உருவத்தை அடுத்தவர் பார்க்கவே இல்லை என்பதும் நடக்கும்.

இரவு ஒரு மணிக்குப் படம் முடித்து அப்படியே மல்லாந்து படுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தூக்கம் குறைவதும் மல்லாந்து படுப்பதும் உறக்கப் பக்கவாதத்துக்கான வாய்ப்பைக் கூட்டும். கனவுத் தூக்கத்தில் மூளை தசைகளைச் செயலிழக்க வைத்திருக்கும். அந்த நிலை நீங்கும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் உடலை அசைக்க முடியாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருக்கும். நாம் அமுக்குவான் பேய் என்கிறோம். ஜப்பானியர் கனஷிபாரி என்கிறார்கள். சற்றுமுன் பார்த்த கயாகோவின் முகத்தை மனம் அதற்கு மாட்டிவிடும். பெரும்பாலும் சில விநாடிகளில், அதிகம் போனால் ஓரிரு நிமிடங்களில் விலகிவிடும். மூச்சை மெதுவாக விட்டு, ஒரு கால்விரலை மட்டும் அசைக்க முயலுங்கள். பிறகு ஒருக்களித்துப் படுங்கள்.

பார்ப்பதென்று முடிவு செய்தால் மாலையிலேயே பாருங்கள். படத்துக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரம் இருக்கட்டும். ஏறிய இதயத்துடிப்பு இறங்கவும், மனம் வேறொன்றில் பதியவும் அது வேண்டும். அறையில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். ஹெட்போன் வேண்டாம். பயமாக இருந்தால் கண்ணை மூடுவதைவிட ஒலியைக் குறைப்பது நல்லது. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டால் கற்பனை இன்னும் மோசமாக வரையும்.

குழந்தைகள் விஷயத்தில் வயது முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். ரத்தம், உடலுறவு, கெட்ட வார்த்தை போன்றவற்றை முத்திரை நன்றாக எடைபோடும்; நாள்கணக்கில் தங்கும் பயத்தை அவ்வளவு எடைபோடாது. ஷிமிசுவே 2004இல் எடுத்த அமெரிக்கப் பதிப்புக்கு அங்கே பிஜி-13தான் (பதின்மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்கள் விஷயத்தில் பெற்றோரை எச்சரிக்கும் முத்திரை) கிடைத்தது. 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்களில் பத்தில் ஒன்பது பேர் சிறுவயதில் திரையில் கண்டு பயந்ததை நினைவுகூர்ந்தார்கள்; நான்கில் ஒருவருக்கு அதன் மிச்சம் அப்போதும் இருந்தது.

ஏழெட்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தையிடம் ‘அது நடிப்புடா கண்ணா’ என்று விளக்கினால் பயம் இறங்காது. அணைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள், பக்கத்தில் படுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு விளக்கம் வேலை செய்யும். ‘ரிங்கு’வில் கிணற்றிலிருந்து வரும் பேயான சதாகோவாக நடித்தவர் கபுகி பயிற்சி பெற்ற ரியே இனோ. அவரைப் பின்னோக்கி நடக்கவிட்டு, படச்சுருளைத் தலைகீழாக ஓட்டித்தான் அந்த விசித்திர நடை வந்தது. இதைச் சொல்லிவிட்டு, பிள்ளையையே பின்னால் நடக்கவைத்து போனில் எடுத்து ரிவர்ஸில் ஓட்டிக் காட்டுங்கள். பேய் தன் கையில் செய்த வித்தையாக மாறும்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, ‘சாப்பிடலைன்னா சதாகோ வருவா’ என்று மிரட்டுவது. மற்றொன்று, தினமும் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துப் பேயில்லை என்று நிரூபிப்பது. தேடுகிறோம் என்பதே இருக்கலாம் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடும். அதற்குப் பதில் படிப்படியாகப் போங்கள். முதல் சில இரவு விளக்கும் திறந்த கதவும், பிறகு விளக்கில்லாமல் திறந்த கதவு, பிறகு பாதி மூடிய கதவு. தனி அறைக்குப் போகவே வேண்டாம் என்று முழுவதும் விலக்கிவிட்டால் பயம் கெட்டிப்படும்.

பெரியவர்களிலும் சிலர் தள்ளிவைப்பது நல்லது: அண்மையில் வீட்டில் ஒருவரை இழந்தவர்கள், பேனிக் அட்டாக் வருபவர்கள், தூக்கமின்மை உள்ளவர்கள். ‘ஜூ-ஆன்’ கதையின் அடியில் இருப்பது மனைவியைக் கொல்லும் கணவன். வீட்டு வன்முறையைக் கண்டு வளர்ந்தவர்களுக்குப் பேயைவிட அந்தக் காட்சிதான் பழைய காயத்தைக் கிளறும். பக்கத்தில் இருப்பவர் திடீரென எழுந்து போனால் கேலி செய்யாமல் படத்தை நிறுத்துங்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் குழந்தையின் பயம் குறையவில்லை, புதிதாகப் படுக்கையை நனைக்கிறது, பள்ளிக்குப் போக மறுக்கிறது, தனியாகப் பாத்ரூம் போகவே முடியவில்லை என்றால் குழந்தை மனநல ஆலோசகரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416க்கு இரவிலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.