சக்கரம் உருண்டால்தான் கூலியா?

போன மழைக்காலத்தில் கருங்கல் பக்கமிருந்து ஒரு தாயும் மகளும் நாகர்கோவிலில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மகள் விமானத்தில் கேபின் க்ரூ, அதாவது விமானப் பணிப்பெண். கொச்சியில் தங்கி வளைகுடா நாடுகளுக்குப் பறப்பவர். தாய், முந்திரி ஆலையில் கொட்டை உடைத்தே பிள்ளைகளைக் கரையேற்றியவர். மகளின் கைப்பேசியில் நிறுவனம் அனுப்பிய கடிதம் ஒன்று இருந்தது. புதிய சம்பள முறைக்குச் சம்மதம் என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். மூன்று நாள் கெடு.

"சாரே, இத அமுக்குனா எனக்க மொவளுக்கு மாசம் நாலாயிரம் கூடும்னு சொல்லுகாவ. அமுக்கலாமா?" என்றார் தாய்.

25 ஆண்டுகளாகத் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். ரப்பர் தோட்டம், முந்திரி ஆலை, பேருந்துப் பணிமனை என்று எல்லாம் தரையில் நடக்கும் வேலைகள். விமான வேலை எனக்குப் புதிது. ஆனாலும் நாலாயிரத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, "கடைசியா பறந்த ஒரு நாளச் சொல்லு மக்களே" என்றேன்.

அவர் சொல்லச் சொல்லத் தாளில் குறித்தேன். அதிகாலை 3.30க்கு ரிப்போர்ட்டிங். 4.30க்கு விமானம் நகரும். நான்கு மணி நேரம் போய் 8.30க்கு இறங்கும். ஒரு மணி நேரம் அங்கேயே நின்று, துப்புரவு முடிந்து, புதுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு 9.30க்குத் திரும்பும். பகல் 1.30க்குக் கொச்சி. எல்லாம் ஒப்படைத்து வெளியே வர 2 மணி. ஆக, பத்தரை மணி நேர வேலை. "இதுல எத்தன மணி நேரத்துக்குப் பறக்கும் படி?" என்று கேட்டேன். நிலையான சம்பளத்துக்கு மேல், பறக்கும் நேரத்துக்கு மணிக் கணக்கில் தரும் தொகை அது.

"எட்டு சார். பிளாக் ஹவர்தான் கணக்கு."

சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியது முதல், இறங்கிய இடத்தில் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம்தான் பிளாக் ஹவர். அவசரகாலக் கருவிகளைச் சரிபார்ப்பது, பயணிகளை ஏற்றி உட்காரவைப்பது, இடமில்லாத பெட்டிக்கு இடம் தேடுவது எல்லாம் அதற்கு வெளியே. விமானம் நகர 2 மணி நேரம் தாமதமானால் வேலை பன்னிரண்டரை மணி நேரமாகும். கணக்கு அதே எட்டுதான். தாமதத்துக்காகப் பயணிகளிடம் வசவு வாங்குவதும் இவர்கள்தான்.

தாய் சட்டென்று சொன்னார்: "கொட்ட வராம நாங்க குத்தவச்சிருந்த நேரத்துக்கும் காசு கெடையாது. பிளேன்லயும் அதே கததானா?"

அதே கதைதான். உடைப்பவருக்கும் தோலெடுப்பவருக்கும் எடைக் கணக்கு. பால்வெட்டுபவருக்கு மரக் கணக்கு. இவருக்குச் சக்கரக் கணக்கு. அலகு எதுவானாலும், அதற்குள் வராத வேலையைத் தொழிலாளி சும்மா செய்து கொடுக்கிறார். எனவே ஊதியப் பேச்சுவார்த்தையில் நான் முதலில் பார்ப்பது எத்தனை விழுக்காடு உயர்வு என்பதை அல்ல. எந்த நேரம் கணக்கில் வருகிறது என்பதைத்தான்.

2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் கேபின் ஊழியர்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர், வேலைநிறுத்தம் செய்ததில் இந்தத் தரை நேரக் கூலி, அதாவது விமானம் நகராத நேரத்து வேலைக்கான கூலிதான் பெரிய கோரிக்கை. அரசு வேலைக்குத் திரும்பச் சொல்லியும் சங்கம் உடனே பணியவில்லை. சில நாளில் உடன்பாடு வந்தது; தரை நேரத்துக்கும் கூலி என்பது அதில் ஏறியது. ஆனால் சம்பளப் பகுதியை வாக்கெடுப்புக்கு விட்டபோது 99 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அமெரிக்காவில் பயணிகளை ஏற்றும் நேரத்துக்கு 2022இல் பாதிக் கூலி கொடுக்கத் தொடங்கிய டெல்டா நிறுவனத்தில் கேபின் ஊழியர்களுக்குச் சங்கமே இல்லை. சங்கம் கட்டும் முயற்சி அப்போது மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் கொடுத்தார்களா என்பதை உங்கள் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

இனி அந்தக் கடிதம். நிலையான சம்பளத்தில் 4,000 ரூபாய் கூடுவது உண்மைதான். மூன்றாம் பக்கத்தில், மாதத்துக்கு உறுதியளிக்கும் பறக்கும் நேரம் 60இலிருந்து 40 ஆகிறது என்று ஒரு வரி. ரோஸ்டர் என்ற பணி அட்டவணையில் பறக்கும் வேலை குறைவாக வந்தாலும் இத்தனை மணி நேரப் படி நிச்சயம் என்பதுதான் அந்த உறுதி. அவருக்கு மணிக்கு 350 ரூபாய். பயணம் குறையும் மாதத்தில் 20 மணி நேரம், அதாவது 7,000 ரூபாய், போய்விடும். நாலாயிரம் வந்து ஏழாயிரம் போகிற கணக்கை விளக்க எனக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. ஆனால் அந்த மூன்றாம் பக்கத்தை அவருடைய தோழிகளில் பாதிப் பேர் திறந்துகூடப் பார்க்கவில்லையாம்.

பொத்தான் விஷயத்தில் இன்னொன்று. நம்மூர்ப் பேருந்துத் தொழிலாளர்களுக்கு '12(3) ஒப்பந்தம்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில், சமரச அதிகாரியின் முன்னால் போடப்படும் ஒப்பந்தம் அது. கையெழுத்திட்ட சங்கத்தில் இல்லாதவரையும், நாளை வேலைக்குச் சேருபவரையும்கூட அது கட்டுப்படுத்தும். சமரச அதிகாரி இல்லாமல் இரு தரப்பும் தாங்களே போட்டுக்கொள்ளும் 18(1) ஒப்பந்தமோ கையெழுத்திட்டவர்களோடு நின்றுவிடும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறினாலும் இந்த வேறுபாடு அப்படியேதான் இருக்கிறது. சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடக்கும்போதே இப்படிப் பொத்தானை நீட்டி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்குவது, சங்கம் மேசைக்கு வருமுன் மேசையையே காலி செய்யும் வேலை.

யார் பேசுவது என்பதற்கும் புதிய தொகுப்பில் கணக்கு உண்டு. பல சங்கங்கள் இருந்தால், 51 விழுக்காடு தொழிலாளர்களின் ஆதரவுள்ள சங்கம் மட்டுமே நிர்வாகத்தோடு பேசும். எந்தச் சங்கத்துக்கும் அவ்வளவு இல்லையென்றால், 20 விழுக்காட்டுக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த ஒரு பேரவை பேசும். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலை தரும் நிலைக்கால ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், "நமக்கெதுக்கு சங்கம், அஞ்சு வருசத்துல போயிருவோம்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளிக்குரிய அதே சம்பளமும் சலுகையும் அவர்களுக்கும் உண்டு. ஓராண்டு முடித்தாலே பணிக்கொடையும் உண்டு. ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை.

மனுவைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலில் உள்ள மாநிலத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய்ப் பயனில்லை. விமானப் போக்குவரத்து மத்திய அரசின் அதிகாரத்தில் வருகிறது. கொச்சியில் வேலை என்றால் அங்குள்ள மத்திய மண்டலத் தொழிலாளர் ஆணையர் அலுவலகம்தான்.

அடுத்து அந்தப் பெண் கேட்டது, நான் எதிர்பார்த்துப் பயந்த கேள்வி. "எல்லாரும் ஒரே நாள் சிக் லீவ் போட்டா என்ன சார்?"

2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் அதுதான் நடந்தது. ஒரே இரவில் ஏராளமான கேபின் ஊழியர்கள் உடம்பு சரியில்லை என்றார்கள். விமானங்கள் ரத்தாகின. விசா முடியுமுன் போய்ச் சேர வேண்டியவர்கள் விமான நிலையங்களில் தவித்தார்கள். 25 பேரை நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது. மே 9 அன்று டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் நடந்த பேச்சில்தான் நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. அன்று தப்பித்தார்கள். இன்றைய தொகுப்பில், பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம். வேலைநிறுத்தம் என்றால் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து 7 நாள் வரையிலும் செய்யக் கூடாது. மீறினால் அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. வரம்புக்குக் கீழே நின்றாலும், பொய்யாக நோய் சொன்னார் என்ற ஒழுங்கு நடவடிக்கையில் தனித்தனியாக மாட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. உண்மையிலேயே காய்ச்சலடிக்கிறவர்களும் அந்த நாளில் சந்தேகத்துக்கு ஆளாவார்கள்.

பணக் கணக்கிலேயே பலரும் கவனிக்காத ஒரு மூலையைச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் ஏர் இந்தியாவின் விதியிலேயே, முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணின் வேலை போய்விடும் என்று இருந்தது. 1981இல் உச்ச நீதிமன்றம் நர்கேஷ் மீர்சா வழக்கில் அதை ரத்து செய்தது. இன்று வேலை போகாது. ஆனால் கர்ப்பம் உறுதியானதும் பறப்பது நிற்கும், பறக்கும் படியும் அதோடு நிற்கும். 26 வாரப் பேறுகால விடுப்புக்கான தொகையோ, விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியில் கணக்கிடப்படும். அந்த மூன்று மாதமும் தரையில் இருந்தவருக்குச் சராசரி எவ்வளவு வரும் என்று நினைத்துப் பாருங்கள். தரையில் இருத்தப்பட்ட மாதங்களுக்கும் முந்தைய பறக்கும் படியின் சராசரியைத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கினால் இந்த ஓட்டை அடைபடும். இதைச் சொன்னபோது மகளை விட்டுத் தாய்தான் அதிகம் தலையாட்டினார்.

அவர்கள் பொத்தானை அழுத்தவில்லை. அழுத்தாததற்கான காரணத்தை மின்னஞ்சலில் எழுதி, கெடுவுக்குள் அனுப்பச் சொன்னேன். ஆறு மாத ரோஸ்டரையும் சம்பளச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நகராமல் நின்ற நேரத்தைத் தனியாகக் குறித்து வைக்கச் சொன்னேன். தோழிகள் ஏழு பேர் சேர்ந்து அதைச் செய்து சங்கத்திடம் கொடுத்திருக்கிறார்கள். கோரிக்கைப் பட்டியலில் தரை நேரம் இப்போது நான்காவதாக இருக்கிறது. நிர்வாகம் 'பரிசீலிக்கிறோம்' என்று சொல்லியிருக்கிறது. அடுத்த அமர்வு வரும் மாதம்.