சுங்கை சிப்புட்டிலிருந்து பனிமலைக்கு: காற்றைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்

அக்காள் மகள் கொண்டுவந்து மேசையில் வைத்த பனிச்சறுக்குச் சுற்றுலா விளம்பரத் தாளில் மூன்று செய்திகள் பெரிய எழுத்தில் இருந்தன: மலையுச்சியின் உயரம், சறுக்குப் பாதைகளின் மொத்த நீளம், நால்வருக்கு 22,000 ரிங்கிட். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து நான்கு ஆண்டுகளாகச் சேர்த்த பணம் அது. முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தன் அம்மாவுக்கு ஒருமுறையாவது வெண்பனியைக் காட்டிவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. "மாமா, இது காசுக்குத் தகுமா?" என்று கேட்டாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுலாக் குழுவோடு நான் கொரியாவுக்குப் போயிருந்தேன். சறுக்குமலைக்குப் பஸ் இரண்டரை மணி நேரம் ஓடியது. காலணியும் சறுக்குக் கட்டையும் வாடகைக்கு வாங்க ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். உச்சியில் வெண்பனி பெய்துகொண்டிருந்தது. நாங்கள் நின்ற அடிவாரத்தில் மழை. காலுக்கடியில் கிடந்ததோ நம் ஊர் இனிப்பான ஐஸ் கச்சாங்கிற்காகச் சீவிய ஐஸ் போல் இருந்தது. எழுபது நிமிடம் சறுக்கிவிட்டு, நனைந்த உடையோடு பஸ் ஏறினோம். ஊர் திரும்பிய பிறகுதான் அதன் காரணங்களைத் தேடிப் படித்தேன். இப்படிப்பட்ட தாள்களில் பெரிய எழுத்தில் போடும் எண்கள் எங்களைப் போன்றவர்களுக்கு உதவாதவை என்பது அப்போது விளங்கியது.

முதலில் உயரம். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும்போது காரின் கண்ணாடியை இறக்கிவிடுகிறோம் அல்லவா? அங்கே நடப்பதுதான் பனிமலையிலும் நடக்கிறது. மேலே ஏறும் காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஈப்போவில் 33 டிகிரி என்றால், 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் ஏறத்தாழ 24 டிகிரி. இதே கணக்கைச் சறுக்குமலையில் போட்டுப் பாருங்கள். அடிவாரத்தில் 2 டிகிரி, உச்சி அதைவிட 800 மீட்டர் உயரம் என்றால், உச்சியில் மைனஸ் 3.2. ஒரே மேகத்திலிருந்து மேலே பனி விழும், கீழே மழை பெய்யும். புதிதாகச் சறுக்கப் பழகுகிறவர்களைப் பொதுவாக உச்சிக்கு விடுவதில்லை. அவர்களுக்கான சரிவு பெரும்பாலும் அடிவாரத்தில்தான் இருக்கும். ஆகவே நாம் கேட்க வேண்டியது பழகுநர் சரிவின் உயரம். சுற்றுலாத் தாள்களில் இது எங்காவது ஒரு மூலையில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, அந்த ஐஸ் கச்சாங் எங்கிருந்து வந்தது என்பது. பல சறுக்குமலைகளில் பனி இயந்திரத்தால் செய்யப்படுகிறது. 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் ஏறத்தாழ முழுவதுமாகச் செயற்கைப் பனியின் மேல்தான் நடந்தன. பனிப் பீரங்கி என்று சொல்லப்படும் இயந்திரம் தண்ணீரை நுண்துளிகளாகக் காற்றில் பீய்ச்சுகிறது. துளி தரையைத் தொடுவதற்குள் உறைந்துவிட வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் சில நொடிகள்தான்.

தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளியிடும். ஒரு கிலோ நீர் பனிக்கட்டியாக மாற 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். குளிர்ந்த காற்று அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. துளியின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் நீர் இன்னொரு பங்கை எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்: பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகிறது. காற்று உலர்ந்திருந்தால் ஆவியாதல் விரைவாக நடக்கும். ஈரமான காற்றில் அது மிகவும் குறைந்துபோகும். நம் ஊரில் மதியவேளையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்வது அதனால்தான்.

அதனால் பனிப் பீரங்கியை இயக்குகிறவர் வெறும் வெப்பநிலையைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. அவர் பார்ப்பது ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்று படவைத்தால் அது எவ்வளவு இறங்குமோ அந்த அளவு. இது ஏறத்தாழ மைனஸ் 2 அல்லது 3 டிகிரிக்குக் கீழே போனால்தான் பீரங்கி பனி தரும். காற்று 0 டிகிரியில் இருந்து ஈரப்பதம் 40 விழுக்காடு என்றால், ஈரக்குமிழ் அளவு மைனஸ் 3.5 அளவுக்கு இறங்கும், பனி செய்யலாம். அதே 0 டிகிரியில் காற்று முழு ஈரத்தோடு இருந்தால் ஈரக்குமிழும் 0 தான். ஒன்றும் செய்ய முடியாது. வெப்பமானியில் ஒரே எண் காட்டும் இரண்டு மலைகளில் ஒன்று வெள்ளையாகவும் மற்றொன்று சேறாகவும் இருப்பதன் மர்மம் இதுதான். 32 டிகிரி, 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள ஒரு நாளில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் ஈரக்குமிழ் அளவு 27 டிகிரியை ஒட்டி இருக்கும் என்பதையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பம் உண்டு. தூய நீரின் நுண்துளி 0 டிகிரியில் உறைந்தே ஆக வேண்டும் என்பதில்லை; பிடித்துக்கொள்ள ஒரு கரு கிடைக்காவிட்டால் மைனஸ் 30 டிகிரிக்குக் கீழேகூட நீராகவே இருக்கும். அந்தக் கருவைக் கொடுக்க, பயிர்களின் இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்த புரதத்தைச் சில மலைகளில் தண்ணீரில் கலக்கிறார்கள். செடியின் மேல் உறைபனியை உண்டாக்கி அதைக் கெடுக்கும் நுண்ணுயிர், மலைக்குப் பனி தருகிறது.

இப்படி உறையும் துளி வெளியிலிருந்து உள்நோக்கி இறுகி ஒரு சிறு உருண்டையாகிறது. இயற்கைப் பனிப்படிகத்தில் காணும் ஆறு கரங்கள் அதில் இல்லை. புதிதாகப் பெய்த இயற்கைப் பனியின் எடை ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரைதான், மீதியெல்லாம் காற்று. செயற்கைப் பனியோ 400 கிலோவுக்கு மேல். அது மெதுவாக உருகும், சறுக்குவதற்கும் நன்றாகத் தாங்கும். போட்டி வீரர்களுக்கு அதில் குறையில்லை. ஆனால் கையில் அள்ளி ஊதிப் பார்க்க வேண்டும், அது முகத்தில் விழ வேண்டும் என்று போகிற என் அக்காவுக்கு அது போதாது. அதில் விழுந்தால் வலிக்கவும் செய்யும்.

இயற்கைப் பனியின் உருவத்தைப் புரியவைத்தவர் ஜப்பானிய இயற்பியலாளர் உகிச்சிரோ நாக்காயா. 1936இல் சப்போரோவில், குளிரூட்டிய அறைக்குள் ஒரு முயல் மயிரின் நுனியில் உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை அவர் வளர்த்தார். காற்றின் குளிரும் ஈரமும் மாற மாறப் படிகத்தின் வடிவமும் மாறியது. மைனஸ் 15 டிகிரியை ஒட்டி, ஈரம் நிறைந்த காற்றில் கிளைவிடும் நட்சத்திரங்கள். மைனஸ் 5 டிகிரியை ஒட்டி ஊசிகள். கீழே விழுந்த படிகத்தைப் பார்த்தே மேலே மேகம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம். நம் தலைக்கு மேலும் இது நடக்கிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. சுங்கை சிப்புட்டின் பிற்பகல் இடிமேகங்களின் உச்சி 5,000 மீட்டருக்கு வெகு மேலே நிற்கிறது. அங்கே பனிப்படிகங்கள் உண்டு. லயத்துத் தகரக் கூரையில் விழும் பெருந்துளிகளில் பல, மேலே பனியாக இருந்து வழியில் உருகியவைதான்.

இனி காற்று. அக்காள் மகளிடம் நான் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான்.

குளிர்காலத்தில் சைபீரியாவின் மேல் குளிர்ந்த, கனமான, உலர்ந்த காற்று தேங்குகிறது. அங்கிருந்து அது தென்கிழக்காக வழிகிறது. கொரியாவின் பெரும்பகுதியை எட்டும்போதும் அது உலர்ந்தே இருக்கிறது. அதனால் அங்கே குளிர் கடுமை, பனிப்பொழிவு குறைவு. பீரங்கிகளுக்கோ பொருத்தமான காற்று. கொரியச் சறுக்குமலைகள் பெரிதும் செயற்கைப் பனியை நம்பியிருப்பதன் காரணம் இதுதான். அதே காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது கதை மாறுகிறது. கடல்நீர் காற்றைவிடப் பல டிகிரி வெப்பமானது. அடியிலிருந்து நீராவி ஏறுகிறது, மேகம் திரள்கிறது, எதிரே மலைத்தொடர் நிற்கிறது. காற்று மேலெழுந்து, சுமந்து வந்ததையெல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. நீகாத்தா மாநிலத்து யுசாவாவில் உயரம் குறைந்த இடங்களில்கூட ஆளுயரத்துக்குப் பனி குவிவது இதனால்தான். மலைக்கு மறுபுறம் தோக்கியோவில் அன்று நல்ல வெயில் அடிக்கும்.

இன்னொரு கிளை தெற்கே திரும்பித் தென்சீனக் கடலின் மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறது. வெதுவெதுப்பான கடல் அதற்கு நீராவியை வாரி வழங்குகிறது. கிளந்தானையும் திரங்கானுவையும் அடையும்போது அதுதான் வடகிழக்குப் பருவமழை. 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த வெள்ளத்தின் மழையும் இந்தப் பருவக் காற்றோடு வந்ததே. தோக்கியோவுக்கு அந்த மலைத்தொடர் எப்படியோ, பேராக்கில் இருக்கும் நமக்குத் தித்திவங்சா மலைத்தொடர் ஓரளவுக்கு அப்படி. அங்கே பனியாக விழுவதும் இங்கே வெள்ளமாக ஓடுவதும் ஒரே பருவத்தின் இரண்டு முகங்கள்.

எனவே ஆண்டிறுதி விடுமுறையின் தொடக்கத்திலேயே போய்விட வேண்டும் என்று அவசரப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் பல மலைகளில் பனி இன்னும் படிந்து ஆழமாகியிருக்காது. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை அந்தக் காற்று வலுவாக இருக்கும். புத்தாண்டு நாள்களில் ஜப்பானியர்களே திரண்டு வருவார்கள்; சீனப் புத்தாண்டு வாரத்தில் நம் நாட்டிலிருந்தும் கூட்டம் போகும். இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

கூட்டம் என்றால் என்ன என்பதையும் கணக்காகப் பார்த்துவிடலாம். கம்பிவடத்தில் ஓடும் தொங்கு நாற்காலி நால்வர் அமரும் விரைவு வகை என்றால் மணிக்கு ஏறத்தாழ 2,400 பேரை ஏற்றும். இருவர் அமரும் பழைய வகை 1,200 பேரை. நமக்கு முன் 300 பேர் நின்றால் முதலாவதில் ஏழரை நிமிடம் காத்திருக்க வேண்டும், இரண்டாவதில் பதினைந்து நிமிடம். ஏற நான்கு நிமிடம், விழுந்து எழுந்து இறங்க நான்கு நிமிடம் என்றால், பழைய நாற்காலியில் ஒரு மணி நேரத்தில் மூன்று முறைகூடச் சறுக்க முடியாது. எண்பது பாதைகள் இருந்தாலும் நாம் பார்க்கப்போவது ஒன்றை மட்டுமே. பழகுநர்களை ஏற்றிச் செல்லும் நகரும் தரைப்பட்டை இருக்கிறதா என்று கேட்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி.

காரை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிப் போகலாமே என்று அக்காள் மகள் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், உலர்ந்த தாரில் பிரேக் பிடித்தால் 20 மீட்டரில் நிற்கும். அழுந்திய பனியில் உராய்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைவதால் 60 மீட்டர் ஆகும். வழுக்கும் பனிக்கட்டியில் 140 மீட்டர். வாழ்நாளில் பனியைத் தொடாத ஓட்டுநருக்கு இந்த எண்கள் உயிர்ப் பிரச்சினை.

குளிர்கால டயர் போட்டால் நிலைமை ஓரளவு மேம்படும். சாதாரண டயர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிப் பிடியை இழக்கிறது. குளிர்கால டயர் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்படுகிறது. அதில் இயற்கை ரப்பரின் பங்கு கூடுதல். இயற்கை ரப்பர் கண்ணாடிபோல் விறைத்துப்போவது மைனஸ் 70 டிகிரியை ஒட்டித்தான். இதைச் சொன்னபோது அதுவரை பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். 1877இல் கோல கங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே மரமாக நிற்கிறது. எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். அங்கிருந்து பரவிய மரத்தின் பால்தான் பனிச்சாலையில் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது.

கடைசியில் கணக்குப் போட்டோம். தாளிலிருந்த பயணத்தில் ஆறு நாளில் ஒரு நாள் மட்டுமே பனி. பஸ், உடை, வரிசை, சாப்பாடு போக, பனியின் மேல் மூன்று மணி நேரம். நால்வருக்குப் பன்னிரண்டு மணி நேரம். 22,000 ரிங்கிட்டை வகுத்தால் ஒருவர் ஒரு மணி நேரம் பனியில் நிற்க 1,833 ரிங்கிட். மலையடிவாரத்திலேயே இரண்டு இரவு தங்கினால் செலவு 24,500 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஐந்து மணி நேரமாக இரண்டு நாள், நால்வருக்கு நாற்பது மணி நேரம். ஒரு மணிக்கு 613 ரிங்கிட். வேறு ஊர்களும் கடைத்தெருக்களும் பார்க்கத்தான் பயணம் என்றால் இந்த வகுத்தல் பொருந்தாது. பனிக்காகவே போகிறவர்களுக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. ரயில் மலைக்கே போகும் இடமாகவும் பார்த்தோம்: தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் ஏறத்தாழ 80 நிமிடத்தில் காலா யுசாவா நிலையம், நிலையக் கட்டடத்திலிருந்தே கேபிள் கார் மேலே ஏறுகிறது.

அவள் ஜனவரி மூன்றாம் வாரத்தைக் குறித்துக்கொண்டாள். சைபீரியக் காற்று, கடல், தித்திவங்சா என்று நான் மேசையில் விரலால் வரைந்து காட்டியதை அக்கா கவனித்துக்கொண்டுதான் இருந்தார். "அந்தக் காற்று எனக்குத் தெரியும் தம்பி," என்றார். "தை மாதத்தில் விடியற்காலை பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது வரும். அன்றைக்குப் பால் நெடுநேரம் இறங்கும், மங்கு நிறைந்துவிடும்."

அது உண்மைதான். குளிர்ந்த காலையில் இலைகள் நீரை மெதுவாகவே இழக்கின்றன. அதனால் பட்டைக்குள் பால்குழாய்களின் அழுத்தம் வெயில் ஏறும்வரை குறையாமல் இருக்கிறது.